நாய், பூனை மலம் பசளையாகுமா?

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், மறுவருடப் பொருளாதார நெருக்கடியின்போதும் எமது வளவுகள் பலவற்றில் கூட்டெருக் குவியல்கள் உருவாகின. அது தொடரவேண்டிய நல்ல பழக்கம். ஆனால், முற்றம் கூட்டும்போது நாய், பூனையின் மலத்தையும் அதே குவியலில் போடுவது ஆபத்தானது.

"மாட்டெரு போடுகிறோமே, இதில் மட்டும் என்ன?" என்று கேட்கலாம். மாடு புல் தின்பது. நாயும் பூனையும் இறைச்சி, மீன் உண்பவை. அவற்றின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் சில மனிதரையும் தாக்கும். மாட்டெருவையும் நன்கு உக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

டொக்சோகாரா என்ற வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண் அளைந்த கையைச் சிறுவர் வாயில் வைத்தால் அவை உடலினுள் செல்லும். அங்கு வெளிவரும் குடம்பிகள் கண்ணை அடைந்தால் பார்வையே பறிபோகலாம். கொளுக்கிப்புழுவின் குடம்பிகளோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைபவை.

பூனை மலத்தில் டொக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிக்கு இது முதன்முறையாகத் தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். சிசுவின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம்.

இவை அழிய, குவியல் முழுவதும் 55 பாகை செல்சியஸுக்கு மேலான வெப்பம் பல நாட்கள் நீடிக்க வேண்டும். வளவிலுள்ள சிறு குவியலின் நடுப்பகுதி சூடேறினாலும் ஓரங்கள் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. உக்கிவிட்டதாகத் தோன்றும் பசளையிலும் முட்டைகள் எஞ்சியிருக்கும். வல்லாரை போன்று பச்சையாகச் சம்பல் போடும் இலைகளுக்கு அதை இடுவதே மிகவும் ஆபத்து.

செய்யவேண்டியவை:

• மலத்தை உடனுக்குடன் அகற்றி, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தொலைவில், ஓர் அடிக்கு மேல் ஆழமாகப் புதையுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு நிலத்தடி நீரை விரைவில் அடையும்.

• ஏற்கனவே மலம் கலந்த பசளையை மரக்கறிகளுக்கு இடாதீர்கள்.

• பூனை கிளறாதபடி குவியலையும் மணலையும் மூடிவையுங்கள்.

• தோட்டத்தில் செருப்பும் கையுறையும் அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கீரைகளைப் பலமுறை அலசுங்கள்.

• நாய்க்குட்டிகள் தாயின் வயிற்றிலேயே வட்டப்புழுவைப் பெறக்கூடும். கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள்.

• கர்ப்பிணிகள் பூனை மலத்தை அகற்றும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். ஏற்கனவே செய்திருந்தால், அடுத்த கிளினிக்கில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.