லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ஒருவகை நோய்த்தடுப்பு அணுக்கள் கட்டுமீறிப் பெருகி, எலும்பு, தோல், பிட்யூட்டரி சுரப்பி, நுரையீரல், கல்லீரல் ஆகிய உறுப்புகளில் குவிந்து அவற்றைச் சிதைக்கும் அரிய நோய். 15 வயதுக்கு உட்பட்டோரில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 அல்லது 5 பேரை இது தாக்குகிறது. பெரியவர்களுக்கும் வருவதுண்டு. எந்த உறுப்பில் இறங்குகிறதோ அந்த உறுப்பின் நோயாகவே காட்சி தருவதால், இது ஒரே நோய் என்று கண்டுகொள்ள மருத்துவ உலகுக்கு 60 ஆண்டுகள் பிடித்தன.

1893-இல் பிலடெல்பியாவில் ஆல்ஃபிரட் ஹேண்ட் என்ற மருத்துவர் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். தீராத தாகமும் ஓயாத சிறுநீரும், பிதுங்கிய கண்கள், அரித்துப்போன மண்டையோடு. காசநோய் என்று முடிவுகட்டினார் ஹேண்ட். எதற்கெடுத்தாலும் காசநோயைச் சந்தேகிக்கவேண்டியிருந்த காலம் அது, அவரைக் குறைசொல்வதற்கில்லை. 1915-இல் வியன்னாவின் ஆர்தர் ஷூலர், இளம் வயதினரின் எக்ஸ்ரே படங்களில் மண்டையோட்டில் விளிம்பு தெளிந்த ஓட்டைகளைக் கண்டு பதிவுசெய்தார். மண்டையோட்டை எக்ஸ்ரே வழியே படிக்கும் துறைக்கே அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் அவர். யூதர் என்பதால் நாஜிகளின் ஆட்சியில் வியன்னாவை விட்டு வெளியேறி, மெல்போர்னில் 1957-இல் காலமானார். பாஸ்டனில் ஹென்றி கிறிஸ்டியன் 1920-இல் ஒரு சிறுமியிடம் அதே மூன்று குறிகளையும் கண்டு, பழுது பிட்யூட்டரியில் இருக்கிறது என்றார். மூவர் பெயரும் சேர்ந்து ஹேண்ட்–ஷூலர்–கிறிஸ்டியன் நோய் ஆனது.

இதற்கிடையே ஜெர்மனியில் எரிக் லெட்டரர் 1924-இலும், ஸ்வீடனில் ஸ்டூரே சிவே 1933-இலும் கைக்குழந்தைகளை வாரங்களில் கொன்றுவிடும் ஒரு நோயை விவரித்தனர்: காய்ச்சல், தோலில் இரத்தப் புள்ளிகள், வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும். அது லெட்டரர்–சிவே நோய் எனப்பட்டது. 1940-இல் எலும்பில் மட்டும் தோன்றி, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் கட்டியொன்று ஈசினோஃபிலிக் கிரானுலோமா என்ற பெயரில் வந்துசேர்ந்தது. உயிரைக் குடிக்கும் நோயும் தானே ஆறும் கட்டியும் ஒன்றே என்று சொல்லத் துணிவு வேண்டும். குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்தில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற சிட்னி ஃபார்பர் 1941-இல் அதைச் சொன்னார். லூயிஸ் லிக்டன்ஸ்டைன் 1953-இல் மூன்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து 'ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்' என்றார். காரணம் தெரியாததால் எக்ஸ்.

விடையின் ஒரு துண்டு 1868-லிருந்தே காத்துக்கிடந்தது. பெர்லினில் 21 வயது மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், தோலைத் தங்கக் குளோரைடால் சாயமேற்றிப் பார்த்து, கிளைகள் விரித்த அணுக்களைக் கண்டார். நரம்பணுக்கள் என்று நினைத்தார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மறு ஆண்டே கண்டவரும் அவர்தான். 1961-இல் மைக்கேல் பிர்பெக் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் தோலணுக்களுக்குள் டென்னிஸ் மட்டை வடிவத் துகள்களைக் கண்டார். சில ஆண்டுகளில் பாரிஸில் பிரான்சுவாஸ் பாஸே, ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ் நோயாளியின் நுரையீரலில் அதே வடிவங்களைக் கண்டு, வைரஸ் போலிருக்கிறதே என்று ஐயுற்றார். இரண்டையும் இணைத்து, நோயணு லாங்கர்ஹான்ஸ் செல் வகையைச் சேர்ந்தது என்று 1973-இல் சொன்னவர் கிறிஸ்டியன் நெசலோஃப். இன்றைய பெயர் 1987-இல் ஹிஸ்டியோசைட் சங்கத்தின் குழுவால் நிலைபெற்றது.

நோயாளியிடம் இது எப்படித் தொடங்குகிறது? குழந்தைகளில் பெரும்பாலும் எலும்பில். தலையில் ஒரு புடைப்பு. தொட்டால் மெத்தென்றிருக்கும், அழுத்தினால் ஓட்டையின் எலும்பு விளிம்பு விரலில் தட்டுப்படும். கைக்குழந்தையானால் உச்சந்தலையில் பொருக்கு. சாதாரணப் பொருக்கு எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் மசியும். இது மசியாது, இடையிடையே செம்பழுப்புப் பருக்களும் இரத்தப் புள்ளிகளும் தெரியும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் படரும். செவியெலும்பில் இறங்கினால் மாதக்கணக்கில் காதில் சீழ் வடியும். தாடையில் இறங்கினால் பற்கள் காலத்துக்கு முன்பே ஆடும். பிட்யூட்டரியைத் தொட்டால், படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்ட பிள்ளை மறுபடி நனைக்கும், நடு இரவில் எழுந்து தண்ணீர் கேட்கும். இரத்தச் சர்க்கரையோ சரியாகவே இருக்கும். பெரியவர்களில் நுரையீரலை மட்டும் பிடிக்கும் வடிவம் ஏறக்குறைய முழுக்கப் புகைபிடிப்போரின் நோய்.

காதுக்கு ஒரு மருத்துவர், தோலுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் என்று குழந்தை அலையும்போது அந்த 60 ஆண்டுக் கதையே சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. மூன்று சீட்டுகளையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தாலே சந்தேகம் எழும். இதைவிடப் பயனுள்ள சோதனை தொடக்கத்தில் வேறில்லை.

சந்தேகத்தை உறுதியாக்குவது திசுப் பரிசோதனை. தோலோ எலும்போ எளிதில் எட்டும் இடத்திலிருந்து சிறு துண்டு எடுக்கப்படுகிறது. நுண்ணோக்கியில் நோயணுவின் உட்கரு காப்பிக்கொட்டையின் பிளவுபோல் நடுவே மடிந்திருக்கும். சுற்றிலும் ஈசினோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். சிடி1ஏ, லாங்கரின் என்ற இரு புரதங்களுக்கான சாயம் ஏறினால் நோய் உறுதி. லாங்கரின் பிர்பெக் துகள்களோடு இணைந்த புரதம் என்பதால், அவற்றைத் தேட இன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுவதில்லை. அடுத்த கேள்வி, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. இரத்த அணுக்கள், கல்லீரல் செயல்பாடு, வயிற்று ஸ்கேன், உடல் முழுவதற்குமான எலும்புப் படங்கள், தாகமிருந்தால் பிட்யூட்டரியின் எம்ஆர்ஐ ஆகியவை எடுக்கப்படுகின்றன. கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை மூன்றும் ஆபத்து உறுப்புகள். அவற்றில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதே சிகிச்சையின் தீவிரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இது புற்றா, தடம்மாறிய நோய்த்தடுப்பா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. நோயணுக்கள் ஒரே மூலத்திலிருந்து பெருகியவை என்று 1994-இல் தெரிந்தது. 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பரிசோதித்த 61 மாதிரிகளில் 35-இல் பிராஃப் மரபணுவில் வி600ஈ எனும் ஒரே மாற்றம் இருந்தது. பிராஃப் மாறாத பலரிடம் மேப்2கே1 மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. நோயணு உண்மையில் தோலின் லாங்கர்ஹான்ஸ் அணுவிலிருந்து வருவதில்லை, மஜ்ஜையின் முன்னோடி அணுக்களிலிருந்தே வருகிறது என்பதும் வெளிப்பட்டது. மாற்றம் மஜ்ஜையின் தொடக்கநிலை அணுவில் நேர்ந்தால் நோய் உடலெங்கும் பரவும். முதிர்ந்த அணுவில் நேர்ந்தால் ஓரிடத்தில் அடங்கும். லெட்டரர் கண்டதும் ஈசினோஃபிலிக் கிரானுலோமாவும் ஏன் அவ்வளவு வேறுபட்டன என்பதற்கு இதுவே இன்றைய விளக்கம்.

ஒற்றை எலும்புக் கட்டியைச் சுரண்டி எடுத்தாலோ கவனித்து வந்தாலோ போதும். பரவிய நோய்க்கு வின்பிளாஸ்டினும் பிரெட்னிசோலோனும் முதல் மருந்துகள். அவற்றுக்கு அடங்காதபோது பிராஃப் தடுப்பு மருந்துகள் தரப்படுகின்றன. எலும்பு திரும்ப வளர்ந்துவிடும். பிட்யூட்டரியில் நேர்ந்த சேதம் பெரும்பாலும் மீளாது; அக்குழந்தைகள் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் டெஸ்மோபிரஸின் மருந்தை வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்கின்றனர்.