மாலைப் பொழுதின் விலை

நாள் ஒன்றை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, ஒவ்வொன்றும் பத்து நாழிகை கொண்டது என்று கணக்கிட்டனர் நம் முன்னோர். அவற்றுள் மாலையை முல்லைத் திணைக்கு உரியதாக்கினார் தொல்காப்பியர். வெளியே சென்றவர் வீடு திரும்பும் பொழுது அது. வீட்டில் இருப்போர் அவரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் பொழுதும் அதுவே. தமிழாசிரியர்கள் இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டார் அதே பொழுதுக்கு விலை குறித்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிரைம் டைம். நாம் முன்னிரவு நேரம் எனலாம். அந்த விலையை யாரை எண்ணிக் குறித்தார்கள், யாரை எண்ணாது விட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். 1980-களில் அங்கே போட்ட கணக்கின் விளைவு, பேராக் மாநிலத்தில் தைப்பிங்கை அடுத்துள்ள கமுந்திங் வரை வந்து சேர்ந்தது. ஆதலின் இது நமக்குப் புறம்பான வரலாறு அன்று.

மூன்று மணி, மூன்று நிறுவனம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை முன்னிரவு நேரம். ஞாயிறன்று மட்டும் ஏழு மணிக்கே தொடங்கிவிடும். 1980-இல் இந்நேரத்தை ஆண்டவை ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்னும் மூன்று நிறுவனங்கள். அந்நேரத்தில் தொலைக்காட்சி பார்த்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இம்மூன்றில் ஒன்றையே பார்த்தனர்.

இவற்றின் வாணிபம் நிகழ்ச்சிகளை மக்களுக்கு விற்பது அன்று. மக்களின் கவனத்தை விளம்பரதாரர்க்கு விற்பது. விற்கும் பொருளுக்கு அளவை வேண்டுமன்றோ? அந்த அளவையை நீல்சன் என்னும் நிறுவனம் வைத்திருந்தது. ஏறத்தாழ 1,700 வீடுகளில் கருவி பொருத்தி, எந்தப் பெட்டியில் எந்த நிலையம் ஓடுகிறது என்று அது குறித்தது. நாட்டில் அன்று தொலைக்காட்சி இருந்த வீடுகளோ ஏறத்தாழ எட்டுக் கோடி. ஆக, கருவி பொருத்திய வீடு ஒன்று, பொருத்தாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசிற்று.

அளவைகள் இரண்டு. தொலைக்காட்சி உள்ள வீடுகள் அனைத்திலும் நூற்றுக்கு எத்தனை என்பது ஒன்று. அந்நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை என்பது மற்றொன்று. கொரியப் போர்க்கள மருத்துவமனை ஒன்றைப் பற்றிய ‘மாஷ்’ என்னும் தொடரின் இறுதிப் பகுதி 1983 பிப்ரவரி 28-இல் சி.பி.எஸ். நிலையத்தில் வந்தது. முதல் அளவையில் அது பெற்றது 60.2, இரண்டாம் அளவையில் 77. பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் ஒரே கதையின் முடிவைக் கண்டனர். அவ்விரவில் முப்பது விநாடி விளம்பரத்தின் விலை நாலரை இலட்சம் டாலர்.

இதற்கு முன்னரே, காத்திருத்தலையும் விலைப்பொருளாக்கலாம் என்று காட்டியது ‘டாலஸ்’. டெக்சஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றின் கதை அது. 1980 மார்ச் 21-இல் அதன் முதன்மைப் பாத்திரமான ஜே.ஆர். சுடப்பட்டான். சுட்டவர் யார் என்பது சொல்லப்படவில்லை. கோடையில் நடிகர் வேலைநிறுத்தம் வந்தமையால் விடை மேலும் தள்ளிப்போயிற்று. நவம்பர் 21-இல் விடை வெளியானபோது அமெரிக்காவில் மட்டும் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தனர். முல்லைத் தலைவி காத்திருந்தது கார்காலம் வரும் வரை. டாலஸ் நேயர் காத்திருந்தது எட்டு மாதம்.

தலைக்கணக்கும் தரக்கணக்கும்

பார்ப்போர் மிகுந்தால் விலை மிகும் என்பது எளிய கணக்கு. 1980-களில் அக்கணக்கு மாறத் தொடங்கியது. 1981 ஜனவரியில் என்.பி.சி. தொடங்கிய ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ என்னும் காவல் நிலையத் தொடரை முதலாண்டில் பார்த்தோர் மிகக் குறைவு. பழைய வழக்கப்படி அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் நிறுவனம் அதைத் தொடர்ந்தது. அவ்வாண்டே அது எட்டு எம்மி விருதுகளைப் பெற்றது. 1982-இல் வந்த ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரும் முதலாண்டில் பட்டியலின் அடிப்பகுதியிலே கிடந்து, பின்னர் உயர்ந்ததே.

நிறுவனத்தின் இப்பொறுமைக்குக் காரணம் யாது? கலைப்பற்று ஒரு காரணம். 1981-இல் தலைமை ஏற்ற கிராண்ட் டிங்கர் நல்ல தொடர்களைக் காத்திருந்து வளர்ப்பதில் நம்பிக்கை உடையவர். ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. அத்தொடர்களைப் பார்த்த சிலர் இளையோர், நகரத்தார், படித்தோர், கையில் பணம் உள்ளோர். விளம்பரதாரர் அவர்களுக்கு மிகுந்த விலை தர அணியமாயிருந்தனர். எத்தனை பேர் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, எத்தகையோர் என்ற கேள்வி முன்வந்தது. 1987 செப்டம்பரில் நீல்சன் நிறுவனம் வீட்டைக் கணக்கிடுவதை விட்டு, வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆளையும் வயது, பால் வாரியாகக் கணக்கிடும் கருவியைக் கொண்டுவந்தது. தலைக்கணக்கு தரக்கணக்காயிற்று.

நல்ல எழுத்துக்கு இதனால் இடம் கிடைத்தது உண்மை. முதியோரும் ஏழையரும் பார்த்த தொடர்கள் மதிப்பிழந்ததும் உண்மை. ஒரே கணக்கின் இரு பக்கங்கள் இவை.

1984 செப்டம்பர் 20-இல் தொடங்கிய ‘தி காஸ்பி ஷோ’வை இங்கே தனித்து நோக்க வேண்டும். தந்தை மருத்துவர், தாய் வழக்கறிஞர், ஐந்து மக்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பம். ஏ.பி.சி. மறுத்த இத்தொடரை என்.பி.சி. ஏற்றது. 1985 முதல் 1990 வரை ஐந்து பருவங்களிலும் அது முதலிடத்தில் நின்றது. கடைசிப் பருவத்தில் மட்டும் ‘ரோசேன்’ தொடரோடு அவ்விடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. முன்னெல்லாம் பணியாளராகவோ குற்றவாளியாகவோ சிரிப்புக்குரியவராகவோ பெரிதும் காட்டப்பட்ட மக்கள், இப்போது உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் குடும்பத்தாராக நாட்டின் நடுவீட்டுக்கு வந்தனர். இது ஏழைக் கறுப்பினத்தாரின் துயரை மறைக்கிறது என்று அன்றே சிலர் குறை கூறினர். அக்குறையில் பொருள் உண்டு. நடிகர் காஸ்பியின் பெயரும் பிற்காலத்து வழக்குகளால் மங்கிற்று. ஆயினும், ஓர் இனம் தன் மாலைப்பொழுதைத் திரையில் காண்பது எத்தகைய நிகழ்ச்சி என்பதை அத்தொடர் காட்டியது.

கமுந்திங்குக்கு வந்த வழி

அமெரிக்கத் தொடர்கள் கடல் கடந்ததற்குச் சட்டம் ஒன்று துணை செய்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு ஆணையம் 1970-இல் ஒரு விதி வகுத்தது. அதன்படி ஒளிபரப்பு நிறுவனங்கள் தாம் ஒளிபரப்பும் தொடர்களின் மறுவிற்பனையில் பங்கு கொள்ளக் கூடாது. தொடரைத் தயாரித்த படப்பிடிப்பு நிறுவனத்துக்கு அவை ஒளிபரப்பு உரிமைத் தொகை மட்டும் கொடுத்தன. அத்தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவை ஈடு செய்யவில்லை. ஆகவே தயாரித்தவர்கள் உள்ளூர் நிலையங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்றே நட்டத்தைக் கழித்து ஆதாயம் காண வேண்டியதாயிற்று. எடுத்து முடித்த படச்சுருளுக்கு இன்னொரு படி எடுக்கும் செலவு சிறிது. எனவே ஒவ்வொரு நாட்டுக்கும் அந்நாடு தாங்கக்கூடிய விலையைக் கேட்டனர். சொந்தமாக ஒரு மணி நேர நாடகம் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால், அமெரிக்கத் தொடர் எந்த நாட்டு நிலையத்துக்கும் மலிவான சரக்கு. டாலஸ் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது இவ்வாறே.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. 1969-இல் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. 1984 ஜூன் முதல் நாள் டி.வி.3 என்னும் தனியார் நிலையம் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கி, பின்னர் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. நேரம் பெருகிற்று, நேரத்தை நிரப்ப நிகழ்ச்சி வேண்டும். ‘நைட் ரைடர்’ தொடரின் பேசும் காரும், ‘மெக்கைவர்’ தொடரின் நாயகன் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யும் கருவிகளும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகமாயின இவ்வழியிலேதான். நகைச்சுவைக்கு மொழி வேண்டும். ஓடும் காருக்கு மொழி வேண்டா. ஆதலின் ஓடும் கார்களே மிகுதியாக ஏற்றுமதியாயின.

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்துக்குப் படம் வந்தது மேக்ஸ்வெல் மலையிலிருந்து. இன்று புக்கிட் லாருட் என வழங்கும் மலை அது. சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில் மாலைப்பொழுது மற்றொரு வகையிலும் அளக்கப்பட்டது. பொது மின்சாரம் எட்டாத தோட்டங்கள் பலவற்றில் நிருவாகத்தின் ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரமே ஓடும். அது நின்றால் லயத்து வீடுகளில் விளக்கும் அணையும், தொலைக்காட்சியும் அணையும். கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டியோரும் உண்டு. அமெரிக்காவில் முன்னிரவை வகுத்தது விளம்பரதாரர் கணக்கு. தோட்டத்தில் அதை வகுத்தது ஜெனரேட்டருக்கு ஊற்றிய எண்ணெயின் அளவு.

அச்சில மணி நேரத்தில் தமிழுக்கு எவ்வளவு? தீபகற்ப மலேசியாவின் மக்களுள் பத்தில் ஒரு பங்கினர் அன்று இந்தியர். அவருள் பெரும்பான்மையோர் தமிழர். அரசு நிலையத்தில் அவர்களுக்குத் தமிழ்ச் செய்தி இருந்தது. வாரம் ஒரு திரைப்படம் இருந்தது. பாடல் நிகழ்ச்சிகள் சில இருந்தன. உரிமக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருந்தும், நேரம் அவ்வாறு இல்லை. தமிழ்ப்படம் வரும் நாளில் பெட்டி உள்ள வீட்டின் முன் லயமே கூடியதற்கு இதுவே காரணம். மற்ற இரவுகளில் தமிழ்ப் பிள்ளை கண்டது பிறர் வீட்டு மாலையை.

கண்டதை அவ்வாறே விழுங்கினார்கள் என்று கொள்ளுதல் தவறு. தமர் லீப்ஸ், எலிகு காட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இஸ்ரேலில் பல குழுவினரை டாலஸ் பார்க்கச் செய்து, அவர்கள் பேசியவற்றைத் தொகுத்து 1990-இல் நூலாக்கினர். அராபியரும் மொராக்கோவிலிருந்து வந்த யூதரும் குடும்ப உறவு முறையைக் கொண்டு கதையை அளந்தனர். ருசியாவிலிருந்து வந்தோர் அதில் மறைந்திருக்கும் கருத்துப் பரப்புதலைத் தேடினர். பார்ப்பவர் தம் மரபைக் கொண்டே பொருள் கொள்கிறார். ஆனால், பிறர் கதைக்குப் பொருள் கொள்வது வேறு. தம் பேச்சைத் தாமே திரையில் கேட்பது வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகாது.

கணக்கு உடைந்த காலம்

எண்ணப்படாதவர்க்குக் கை கொடுத்தது ஒரு பெட்டி. நிகழ்ச்சியை வீட்டிலே பதிவு செய்து பார்ப்பது குற்றமாகாது என்று 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டின் தொடக்கத்தில் அங்கே மிகச் சில வீடுகளிலே இருந்த வீடியோக் கருவி, முடிவில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இருந்தது. கேபிள் நிலையங்கள் பெருகின. 1987 ஏப்ரலில் ஃபாக்ஸ் என்னும் நான்காம் நிறுவனம் முன்னிரவில் நுழைந்தது. 1988-இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் ஐந்து மாதம் நீடித்தது. 1990 அளவில் மூன்று நிறுவனங்களின் பங்கு நூற்றுக்கு அறுபத்தைந்து என்னும் அளவுக்கு இறங்கிற்று. நாடு முழுவதும் ஒரே கதையைப் பார்த்த காலம் முடிந்தது.

இங்கும் அதே கருவிதான் வேலை செய்தது. வாடகைக்கு வந்த தமிழ்ப்பட வீடியோ நாடாக்கள் நகரத்துத் தெருக்களிலும் தோட்டங்களிலும் சுற்றின. எந்த நீல்சன் கணக்கிலும் ஏறாத மக்கள் தம் முன்னிரவைத் தாமே வகுத்துக்கொண்டனர். 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியபோது வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் அதனோடு வந்தது. தமிழருக்கு இடம் கிடைத்தது. சந்தா செலுத்துவோர் என்று எண்ணப்பட்ட பின்னரே கிடைத்தது. செலுத்த இயலாத வீடு பழைய இடத்திலேயே நின்றது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று. மாலைப்பொழுது எவருக்கும் வெறுமையாகக் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் கணக்கின்படி அது நிரப்பப்படுகிறது. அந்தக் கணக்கில் நாம் இல்லையேல் நம் மொழியும் அங்கே இராது. இன்று கைப்பேசி ஒவ்வொருவரையும் தனித்தனியே எண்ணுகிறது. என்ன காட்டுவது என்பதையும் அவ்வெண்ணிக்கையே முடிவு செய்கிறது. முல்லைக்குரிய சிறுபொழுதைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘நேற்று மாலை உன் வீட்டில் எந்த மொழி ஒலித்தது?’ என்று மாணவரைக் கேட்கலாம். பாடநூலில் உள்ள மாலைக்கும் வீட்டில் உள்ள மாலைக்கும் இடையேயுள்ள தொலைவை அவ்விடை காட்டும்.