எது முந்தி, எது பிந்தி?

பால்மரம் வெட்டுகிறவர் பட்டையைக் கீறிவிட்டு அப்புறம் மங்கைத் தேடினால் முதற்பால் மண்ணுக்குத்தான். வரிசை மாறினால் பலன் மாறிவிடுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் மூன்றை ஐந்தால் பெருக்கினாலும், ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்து என்றே படித்தோம். அணு உலகம் பள்ளிக் கணக்கின் பக்கம் இல்லை, பால்மரத்தின் பக்கமே நிற்கிறது. 1925இல் ஜெர்மானியரான ஹைசன்பர்க் அதைக் கண்டார். துகளின் இடத்தையும் உந்தத்தையும் குறிப்பவற்றைப் பெருக்கும்போது, எதை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை வேறுபட்டது.

1948இல் அமெரிக்கரான ஃபெயின்மன் வேறொரு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நாம் ரயிலில் போவோம், அல்லது கூட்டரசு நெடுஞ்சாலையில் போவோம். ஏதாவது ஒரு வழிதான். எலெக்ட்ரானின் கணக்கிலோ நேர்வழி, சுற்றுவழி, கோணல்வழி எல்லாவற்றையும் கூட்டியாக வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ஓர் அம்புக்குறி உண்டு. எதிரெதிர் அம்புகள் ஒன்றையொன்று அழிக்க, மிஞ்சுவதே விடை. பெருக்கலில் கண்ட முந்தி பிந்தி, இங்கே பாதையில் கணங்களின் வரிசையாக வந்து நிற்கிறது.

இத்தகைய கணக்குகளைச் சென்னையில் ஒரு வீட்டில் கூடிப் படித்தார்கள் என்றால் நம்புவீர்களா? மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் அவ்வீடு, இந்திய அரசியலமைப்பை வரைந்தவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயருடையது. அவர் மகன் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களை அங்கே கூட்டி, புதிய பௌதிகத்தை விவாதித்து வந்தார். ஆனால் வீட்டுக் கூட்டம் எத்தனை நாள் நிலைக்கும்? கெட்டிக்காரப் பிள்ளைகள் பிழைப்புக்கு வேறு திசை பார்க்கத்தானே செய்வார்கள்?

நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் 1960இல் அவ்வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவற்றுள் அந்தச் சிறு மாணவர் குழுவும் ஒன்று என்று அவர் சொன்னது நேருவின் காதுக்கு எட்டியது. மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3ஆம் நாள், பிரசிடென்சி கல்லூரியில், அங்கேயே படித்த விண்ணியலறிஞர் சந்திரசேகர் முன்னிலையில் கணித அறிவியல் கழகம் தொடங்கிற்று. இன்று அது தரமணியில் இருக்கிறது.

ராமகிருஷ்ணனுக்கும் இந்த வரிசைச் சிக்கலில் தீராத ஆசை. டிராக் 1928இல் எழுதிய சமன்பாட்டில் எண்களைக் கட்டங்கட்டமாக அடுக்கிய அணிகள் வருகின்றன. அவற்றை இடம் மாற்றிப் பெருக்கினால் விடையின் குறி மட்டும் மாறும். குறிக்குப் பதிலாக, மும்முறை பெருக்கினால் ஒன்றாகிற ஓர் எண் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவரும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் துருவினார்கள். 1972இல் வந்த அவருடைய நூலுக்கு அவர் வைத்த பெயரில், டிராக் அணிகளின் 'இலக்கணம்' என்ற சொல் இருக்கிறது.