ஸ்பான்சர் உரிமம்

வெளிநாட்டுத் திறனாளர்களைத் தன் பொறுப்பில் வரவழைத்து வேலைக்கு வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு அரசு தரும் அனுமதியே ஸ்பான்சர் உரிமம். இந்த ஏற்பாட்டில் பணியாளருக்கு முன்பாகச் சோதனைக்கு உள்ளாகிறவர் முதலாளி. அவர் தேறிவிட்டால் அவர் அழைக்கும் ஆட்களுக்கு விசா சுளுவாகிறது. தவறினால் எத்தனை திறமையுள்ள ஆளானாலும் அவர் மூலம் உள்ளே போக முடியாது.

டோம்பிவிலியிலிருந்து தானே போய், அங்கே டிரான்ஸ் ஹார்பர் ரயில் மாறி, ஐரோலியின் மென்பொருள் வளாகங்களுக்குச் செல்வோர் ஏராளம். அவர்களில் ஒருவருக்கு லண்டனில் 'ஆன்சைட்' பணி கிடைப்பது மேலாளரின் தயவால் மட்டும் நடப்பதில்லை. நிறுவனத்தின் பிரிட்டன் கிளையிடம் உரிமம் இருக்க வேண்டும். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் அப்படி உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்று.

பிரிட்டனில் உரிமம் பெறும் வழி

பிரிட்டனில் இந்த முறை 2008-இல் புள்ளி அடிப்படையிலான குடிவரவுத் திட்டத்தோடு வந்தது. உள்துறை அமைச்சகம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: நிறுவனம் உண்மையிலேயே இயங்குகிறதா, தருவதாகச் சொல்லும் வேலை நிஜமா, பொறுப்பாளர்கள் நேர்மையானவர்களா. வங்கிக் கணக்கு விவரம், வரித்துறைப் பதிவு, அலுவலகக் குத்தகைப் பத்திரம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான தொழிலாளர் காப்பீடு என்று ஆவணங்கள் கேட்கப்படும். சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் அலுவலகத்துக்கே வந்து நிற்பதும் உண்டு. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் சிறு நிறுவனங்களுக்கு 574 பவுண்டாகவும் பெரியவற்றுக்கு 1,579 பவுண்டாகவும் உயர்ந்தது.

தேறிய நிறுவனம் 'ஏ' தரத்தோடு பொதுப் பட்டியலில் ஏறும். லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ள இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வேலை தருவதாக ஏஜென்ட் சொல்லும் கம்பெனியின் பெயர் அதில் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

உரிமம் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு பணியாளருக்கும் நிறுவனம் இணையவழியே ஸ்பான்சர் சான்று வழங்கும். அதன் எண்ணைக் கொண்டுதான் அவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அவர் அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். முகவரி, சம்பளம், பணியிட மாற்றம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். குடிவரவு அதிகாரி செய்த வேலையில் ஒரு பங்கு இப்படி மனிதவளத் துறையின் மேசைக்கு வந்துவிட்டது. பிசகினால் 'பி' தரம். குறைகளைச் சரிசெய்யும் வரை புதிதாக ஆள் எடுக்க முடியாது. அதற்கும் அடங்காவிட்டால் உரிமமே பறிபோகும்.

பிற நாடுகள்

நெதர்லாந்து 2013 ஜூன் முதல் 'அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர்' முறையை நடத்துகிறது. அத்தகைய நிறுவனங்களின் விண்ணப்பங்களை இரண்டு வாரத்தில் முடிப்பது அங்கே இலக்கு. கனடா 2023-இல் தொடங்கிய திட்டத்தில், முந்தைய ஐந்தாண்டுகளில் குறைந்தது மூன்று முறை ஆள் எடுக்க ஒப்புதல் பெற்று நல்லபடியாக நடந்துகொண்ட நிறுவனங்களுக்கு 36 மாதம் வரை செல்லும் அனுமதி கிடைத்தது.

அமெரிக்காவில் இதற்கு நெருக்கமானது, நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறும் ஊழியர்களின் 'எல்' விசாவுக்கு மொத்தமாகப் பெறும் 'பிளாங்கெட் எல்' அனுமதி. அங்கே ஓராண்டாவது அலுவலகம் நடத்தி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக மூன்று கிளைகளாவது வைத்திருக்கும் நிறுவனம் இதைக் கேட்கலாம். அதோடு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் விற்பனை, ஆயிரம் அமெரிக்க ஊழியர்கள், ஓராண்டில் பத்து 'எல்' ஒப்புதல்கள் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். இந்திய விண்ணப்பதாரர்களின் பிளாங்கெட் நேர்காணல்கள் 2011 டிசம்பரில் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு மாற்றப்பட்டன. அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாந்திரா குர்லா வளாகத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்தும், மும்பைப் பொறியாளர்கள் சென்னையின் ஜெமினி மேம்பாலத்தடிக்கு ரயிலோ விமானமோ ஏற வேண்டியதாயிற்று.

இந்தியப் பக்கத்துச் சல்லடை

ஆள் அனுப்பும் நாடும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பெரிய ஏஜென்ட் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாத ஃபிட்டரோ வெல்டரோ வளைகுடாவுக்குப் போவதானால், அவரை அழைக்கும் முதலாளி 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மும்பையில் இதைக் கவனிக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், 2017-இல் பாந்திரா குர்லா வளாகத்தில் திறக்கப்பட்ட விதேஷ் பவனில் இடம்பெற்றது. 2015-இல் செவிலியர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது: வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகவே அவர்களை அனுப்ப உத்தரவானது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது.

நம்பிக்கை பொய்த்தபோது

நியூசிலாந்து 2022 ஜூலையில், அங்கீகாரம் பெற்ற முதலாளிகள் மூலம் வருவோருக்கான வேலை விசாவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆக்லாந்தில், சொன்ன வேலை கிடைக்காமல் சில வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய, வங்கதேசத் தொழிலாளர்கள் கண்டறியப்பட்டனர். அங்கீகாரத்தை அவசரமாக வாரி வழங்கியது விசாரணைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் விதிகள் கடுமையாயின.

பிரிட்டனின் முதியோர் பராமரிப்புத் துறையில் 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. அந்நிறுவனங்களை நம்பி வந்த ஏறத்தாழ 40,000 பேர் பாதிக்கப்பட்டனர். உரிமத்துக்கு ஆன செலவைத் திறனாளர் விசாவில் வந்தவர் தலையில் கட்டக் கூடாது என்ற தடை 2024 டிசம்பர் 31-இல் அமலுக்கு வந்தது. ஆனால் முதலாளியின் உரிமம் போனால், எந்தத் தவறும் செய்யாத பணியாளருக்கும் வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாள்தான். அதற்குள் உரிமமுள்ள வேறொரு முதலாளியைப் பிடித்து, புதுச் சான்றோடு மறுபடி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.