வேடம் தாங்கும் கணிப்பொறி

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். என் மேசையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழமையான ஒலிநாடா ஒன்று உள்ளது. அதனை ஓடவிட்டால் பாட்டும் கேளாது, பேச்சும் கேளாது. 'கீ' என்னும் இரைச்சலே எழும். அந்த இரைச்சலுக்குள் என் மாணவர்கள் இயற்றிய விளையாட்டு ஒன்று அடங்கியிருக்கிறது. அது மறைந்த கதையையும் மீண்ட கதையையும் இன்று சொல்லப் போகிறேன்.

1984-ஆம் ஆண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகள் சேர்க்கப்பெற்றன. அவற்றுக்கு வந்தவை 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணிப்பொறிகள். பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் கல்வித் திட்டத்திற்காக இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்டவை அவை. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டே. இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. அவ்வியந்திரத்தில் பயிற்சி பெற்ற இளம் ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

என் வகுப்பு மாணவர் நால்வர் நம் ஏரியையே விளையாட்டாக்கினர். ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. திரையில் மழை பெய்யப் பெய்ய நீர்மட்டம் உயரும். மதகைத் திறக்கத் தாமதித்தால் கரைக்கு ஆபத்து. அவசரப்பட்டுத் திறந்தால் கோடையில் நீர் இராது. ஆடுபவன் இரண்டுக்கும் நடுவே வழி காணவேண்டும். எழுதி முடித்ததைச் சாதாரண ஒலிநாடாவிலேயே பதிந்தனர். கணிப்பொறியின் சுழியமும் ஒன்றும் இருவேறு சுருதிகளாக மாறி நாடாவில் பதியும். நான் சொன்ன இரைச்சல் அதுவே.

சில ஆண்டுகளில் அவ்வியந்திரம் பழுதுற்றது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. பழைய இரும்போடு இரும்பாக அது ஏலம் போயிற்று. நாடா மட்டும் என்னிடம் தங்கியது. வட்டெழுத்துக் கல்வெட்டு கோயிற்சுவரில் சிதையாமல் நிற்கலாம்; அதனைப் படிக்கவல்லார் ஒருவரும் இல்லையெனில் அது வெறுங்கல்லே அன்றோ? என் நாடாவின் நிலையும் அவ்வாறே ஆயிற்று.

இத்துன்பம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1086-இல் தம் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து எழுதுவித்த 'டூம்ஸ்டே' ஏடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட பத்து இலட்சம் பேர் தத்தம் ஊரைப் பற்றி எழுதியளித்த செய்திகள் லேசர் தட்டுகளில் பதியப்பெற்றன. அவற்றைப் படிக்க பி.பி.சி. மைக்ரோ வழிவந்த கணிப்பொறியும் தனிவகைக் கருவியும் தேவை. பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அரிதாகிவிட்டன. தோலில் எழுதியது நிலைக்க, லேசரில் எழுதியது மறையும் தறுவாய்க்கு வந்தது. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'எமுலேட்டர்' என்னும் முறையால் அதனை மீட்டனர்.

எமுலேட்டர் என்பது யாது? நம் காஞ்சிபுர வட்டாரத்துத் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். பகலில் ஏர் உழுதவர் இரவில் துரியோதனனாக வருவார். அவர் துரியோதனனாகவே நடப்பார், பேசுவார், சினங்கொள்வார். அவ்வாறே ஒரு புதிய கணிப்பொறி பழைய கணிப்பொறியின் வேடத்தைத் தாங்குகிறது. பழைய மென்பொருள் இடும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, பழைய இயந்திரம் செய்திருக்கக்கூடியதையே செய்துகாட்டுகிறது. தன் வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறது. இல்லையேல் பழைய விளையாட்டு ஆட இயலாத வேகத்தில் ஓடிவிடும்.

ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரம்போல் இயங்கலாம் என்பதை ஆலன் டூரிங் 1936-ஆம் ஆண்டிலேயே கணித வழியில் நிறுவினார். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் 'சிஸ்டம் 360' வரிசையை அறிமுகப்படுத்தியபோது, தன் பழைய 1401 இயந்திரத்திற்கென எழுதிய நிரல்களும் புதியவற்றில் ஓட இம்முறையில் வழி செய்தது. வாடிக்கையாளரின் பல்லாண்டு உழைப்பு வீணாகாமல் காப்பதே அதன் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். விளையாட்டை எழுதிய நால்வருள் அவரும் ஒருவர். இன்று ஒரகடத்தில் பொறியாளர். நாடாவின் ஒலியைத் தம் மடிக்கணினியில் பதிவு செய்தார். சுருதிகளைப் பிரித்து மீண்டும் சுழியமும் ஒன்றும் ஆக்கினார். பின்னர் எமுலேட்டரை இயக்கினார். கறுப்புத் திரையில் நால்வர் பெயரும் ஆங்கில எழுத்தில் வரிசையாக வந்தன. அவர்களுள் ஒருவன் இன்று உயிருடன் இல்லை. அவன் எழுதிய மழை மட்டும் அன்று போலவே பெய்தது. நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஏக்கார்ன் நிறுவனத்தார் 1985-இல் உருவாக்கிய 'ஆர்ம்' சில்லின் வழிவந்தவையே இன்றைய கைப்பேசிகளின் மூளை. நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் உருவாகும் கைப்பேசி ஒவ்வொன்றிலும் அவ்வழிச் சில்லு உண்டு. பேரன் பாட்டனாராக வேடங்கட்டுகிறான் எனலாம்! ஆயினும் இவையும் ஒருநாள் பழையனவாகும். அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றது. அங்கு உருவான கைப்பேசிகள் இன்று எத்தனையோ வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கின்றன.

ஆதலின் மாணவர்களே, நீங்கள் இயற்றும் நிரலையும் கட்டுரையையும் படத்தையும் ஒரே கருவியில் அடைத்துவைக்காதீர்கள். வேறிடத்தும் படியெடுத்து வையுங்கள். எந்தக் கருவியில், எந்த மென்பொருளால் ஆக்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன்வையுங்கள். பிறர் படைப்பாயின் உரியவரின் இசைவு பெற்றே பயன்படுத்துங்கள். ஓலைச்சுவடி நைந்துபோகுமுன் நம் முன்னோர் புதிய ஓலையில் படியெடுத்தனர். அதனைப் படிக்கும் பயிற்சியையும் மாணாக்கர்க்கு அளித்தனர். அவ்விரு கடமைகளும் இனி உங்களுடையவை.