படிக உவமையும் பண்டை மணிவினையும்

சைவ சித்தாந்த நூல்களில் உயிரின் இயல்பை விளக்குதற்கு எடுத்தாளப்பெற்ற உவமைகளுள் படிகம், சூரியகாந்தம் என்னும் இரண்டும் தலைசிறந்தன. அவற்றைக் கற்பாரும் கற்பிப்பாரும் பலர். ஆயினும், அவ்வாசிரியர்கள் கண்முன் வைத்துக் கூறிய கல் எத்தகைய வடிவும் மெருகும் உடையது என ஆராய்வார் சிலரே. உவமானத்தின் இயல்பு தெளியாதவிடத்து உவமேயத்தின் இயல்பும் மயங்குதல் இயற்கை. இக்காலத்தார் மணி என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணுவது, பல பட்டைகள் தீட்டப்பெற்றுத் தானே சுடர்விடுவதுபோல மின்னும் வயிரத்தையே. அவ்வெண்ணத்தை மேற்கொண்டு, மாசு நீங்கிய உயிர் பட்டை தீட்டிய வயிரம்போலத் தன்னொளியால் விளங்கும் என்று சொற்பொழிவாற்றுவாரும் உளர். இது கேட்டற்கு இனிதாயினும் சித்தாந்தக் கருத்தன்று. அஃது அன்றாமாற்றைப் பண்டை மணிவினையின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தமிழகத்தில் மணிவினை மிகப் பழையது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதலாக நடைபெற்ற அகழாய்வுகளில், படிகம், நீலம், சூதுபவளம், பெரில் என்னும் பச்சைக்கல் முதலியவற்றின் மணிகள், தீட்டாத மூலக்கல்லாகவும், பாதி வினை முற்றியனவாகவும், மெருகேறித் துளையிடப்பெறாதனவாகவும், துளையிட்டு முடிந்தனவாகவும் கிடைத்துள்ளன. ஒரே ஊரில் வினையின் எல்லா நிலைகளும் காணப்படுதலின் அவை பிறநாட்டிலிருந்து கொணரப்பட்ட பண்டங்களல்ல, ஆங்கேயே செய்யப்பட்டன என்பது தெளிவாம். பதிற்றுப்பத்திற் கூறப்பெறும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். மதுரைக்காஞ்சி, மதுரைத் தெருக்களில் வாழ்ந்த தொழிலாளருள் மணிகளைத் துளையிடுவாரைத் 'திருமணி குயினர்' என வைத்து எண்ணுகின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மணிக்கடைவீதியைக் கூறுமிடத்து, வயிரத்திற்கு ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்னும் குற்றங்களை எடுத்தோதி, அவை நீங்கிய கல்லே விலைபெறுவது என்று காட்டுகின்றார். கி. பி. 6ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் வயிரம், முத்து, மாணிக்கம், மரகதம் இவற்றின் இலக்கணங்களைத் தனித்தனியே வகுத்தோதினர். ஆகவே, மணியின் குணமும் குற்றமும் தேர்தல் அக்காலத்தே ஒரு தனிக் கலையாய் விளங்கிற்று என்க.

இனி, அக்காலத்து மணி எவ்வாறு தீட்டப்பட்டது? ஒரு கல்லை அதனினும் வலிய கல்லே தேய்க்க வல்லது. படிகத்தின் வன்மையை 7 என அளவிடும் இக்காலத்து அறிவியலார் மாணிக்கத்திற்கும் நீலத்திற்கும் 9 எனவும் வயிரத்திற்கு 10 எனவும் கூறுவர். மாணிக்கமும் நீலமும் ஒரே இனத்துக் கற்கள். அவ்வினத்தின் ஒளியில்லாத பருக்கல்லே நம் நாட்டில் குருந்தக்கல் எனப்படுவது. ஆங்கிலத்திலே அவ்வினத்திற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் இக்குருந்தம் என்னும் சொல்லினின்றே சென்றது. குருந்தத்தைப் பொடித்து உருக்கிய அரக்கிற் கலந்து வட்டமாக வார்த்தால் அதுவே சாணை. அதனை ஓர் அச்சிற் பொருத்தி, வில்லின் நாணால் முன்னும் பின்னும் சுழற்றி, கோலின் நுனியில் அரக்கால் ஒட்டிய கல்லை அதன்மேல் அழுத்தி இழைப்பர். முதலிற் பரும்பொடி கொண்ட சாணையும், பின்னர் நுண்பொடி கொண்டதுமாக மாற்றி மாற்றி இழைத்து இறுதியில் மெருகேற்றுவர். இவ்வினையால் பெறப்படும் வடிவு யாதெனின், அடி தட்டையாய், முதுகு குவிந்து, எங்கும் விளிம்பின்றி வழுவழுப்பாய் இருக்கும் உருவமே. மேனாட்டார் இதனைக் கபோஷான் என்பர். அப்பெயர் தலை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது.

இக்குவிந்த வடிவு, பட்டை தீட்ட அறியாமையாற் கொண்டதொன்றன்று. அதற்குத் தக்க காரணங்கள் உள. கல்லின் நிறை அதிகம் குறையாது. நிறம் ஆழ்ந்து தோன்றும். அன்றியும், சில கற்களின் சிறப்பு இவ்வடிவிலன்றி வெளிப்படுதலே இல்லை. வைடூரியத்தின் நடுவே பூனைக்கண்போல ஓர் ஒளிக்கோடு ஓடுதலைக் காண்கின்றோம். அக்கல்லினுள் ஒருபுறமே நோக்கிக் கிடக்கும் நுண்ணிய இழைகளின்மேல் ஒளி பட்டுத் தெறித்தலால் அக்கோடு தோன்றுகின்றது. தொழிலாளன் அவ்விழைகளுக்கு ஒப்ப அடித்தளத்தை அமைத்து மேற்புறத்தைக் குவியச் செய்தாலன்றி அக்கோடு ஒன்றாகத் திரண்டு தோன்றாது. ஆறுகதிர் விண்மீன் தோன்றும் நீலக்கல்லிற்கும் இஃதே முறை. கல்லினுள் மறைந்து கிடந்ததொன்றை வெளிப்படுத்துவானேயன்றி, இல்லாததொன்றைத் தொழிலாளன் சேர்க்கின்றிலன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மணியைப் பொன்னிலும் வெள்ளியிலும் பதித்தலை அறிதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்கள் சிறந்த சான்றாவன. கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் எடுப்பித்து, தன் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்திற்குக் கலசம் ஈந்த அக்கோயிலில், அவனும் அவன் தமக்கையார் குந்தவையாரும் பிறரும் அளித்த அணிகலன்கள் ஒன்றுவிடாமற் பொறிக்கப்பட்டுள. அவை தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் 2ஆம் தொகுதியில் ஹூல்ட்ஷ் முதலியோரால் பதிப்பிக்கப்பெற்றன. முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு என்றும், மாணிக்கங்களைக் கோமளம், நீலகந்தி முதலாகவும், வயிரங்களை மட்டத்தாரை, சப்படி முதலாகவும் வகுத்துக் கூறுகின்றன. பொன் நிறுக்குங் கல்லிற்கு ஆடவல்லான் என்றும், மணி நிறுக்குங் கல்லிற்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்றும் இறைவன் திருப்பெயரே இடப்பட்டிருந்தது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறை கணக்கிடப்பட்டது. 20 மஞ்சாடி 1 கழஞ்சு, 2 குன்றி 1 மஞ்சாடி.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. ஒன்று, கலன்களின் நிறையைக் கூறும்போது சரடு, அரக்கு முதலியவையும் உட்பட என்று குறித்தல். கலத்தின் கூட்டினுள் அரக்கிட்டு அதன்மேற் கல்லைப் பதித்தனர் என்பது இதனாற் புலனாம். அடைத்த கூட்டிற் பதித்த கல்லிற்குப் பின்புறத்திலிருந்து ஒளி வாராது. முன்புறத்தில் நுழைந்த ஒளியே அடியிலுள்ள தளத்திற் பட்டு மீள்கின்றது. அதனால், நகைவினைஞர் கல்லின் அடியில் மெல்லிய தகடு வைத்து அதன் நிறம் மேலே தோன்றச் செய்தலை வழக்கமாகக் கொண்டனர். மற்றொன்று, வயிரங்களில் உள்ள பொரிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து முதலிய குற்றங்களையும் மறையாது எழுதி வைத்தல். இறைவனுக்கு அளித்த கல்லாயிற்றே என்று குற்றத்தை ஒளிக்கவில்லை. குற்றமுடைய கல்லாயிற்றே என்று கொள்ளாது விடுக்கவுமில்லை. உள்ளது உள்ளவாறே அவன் திருமுன் வைக்கப்பட்டது. அக்கலன்கள் இன்று நமக்குக் கிடைத்தில. அவற்றின் உண்மையான கணக்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் கல்லில் நிற்கின்றது.

பட்டை தீட்டும் முறை வேறு வரலாறுடையது. ஐரோப்பாவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிப் பின் படிப்படியாக வளர்ந்தது. வயிரத்தின் பட்டைகளுக்குரிய கோணங்களைக் கணித முறையால் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் வகுத்து வெளியிட்டது 1919இல். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுரங்கங்களைக் கண்ட டவேர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், இந்நாட்டுத் தொழிலாளர் குற்றமற்ற வயிரத்தைச் சாணையிற் சிறிதே தொடுத்து விடுவர் என்றும், குற்றமுடையதாயின் அது கண்ணுக்குப் புலனாகாதவாறு பல பட்டைகளால் மூடிவிடுவர் என்றும் எழுதியுள்ளார். ஆகலின், பல பட்டை என்பது நம்மவர்க்கு நெடுங்காலம் அழகின் அடையாளமாக அன்றிக் குற்றத்தை மறைக்கும் உபாயமாகவே இருந்தது போலும்.

பழைய முறை முற்றும் அழிந்திலது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோயிலைச் சார்ந்த வடசேரியில் கோயிலணிகள் செய்யும் வினைஞர் இன்றும் உளர். வெள்ளித் தகட்டால் உருவமைத்து, கல்லிருக்கும் இடந்தோறும் சிறு கூடு எடுத்து, அரக்கு நிரப்பி, முதுகு குவிந்த செங்கற்களையும் பச்சைக்கற்களையும் பதித்து, சுற்றிலும் மெல்லிய பொற்றாளை அழுத்தி ஒளிபெறச் செய்கின்றனர். அச்செங்கல்லைக் கெம்பு என்பர். செம்மை என்னும் பொருளுடைய கன்னடச் சொல் அது. திருமேனிகளுக்கென எழுந்த இவ்வணிவகை இப்பொழுது பரதநாட்டியம் ஆடுவார்க்கும் பெரிதும் செய்யப்படுகின்றது. குவிந்த கல் அடைத்த கூட்டினுள் இருந்து எவ்வாறு தோன்றும் என்பதைக் காண விரும்புவார் இவ்வணிகளில் இன்றும் காணலாம்.

இனி உவமைகளை நோக்குவாம். சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரத்து உதாரண வெண்பாவில் மெய்கண்டதேவர் படிகத்தை எடுத்தாளுகின்றார். படிகம் தனக்கென ஒரு நிறமின்றித் தன்னை அடுத்த நிறத்தைக் காட்டும். உயிரும் அவ்வாறே சார்ந்ததன் வண்ணமாவது. இருளிற் கிடக்கும் படிகம் இருளாய் நிற்றல் கேவல நிலைக்கும், பன்னிறப் பொருள்களை அடுத்து அவ்வந்நிறமாய் நிற்றல் சகல நிலைக்கும், உச்சிஞாயிற்றின் ஒளியில் அந்நிறங்களெல்லாம் அடங்க ஒளியாய் நிற்றல் சுத்த நிலைக்கும் உவமையாம். பல பட்டை தீட்டிய கல்லிற்கு இவ்வுவமை செவ்வனே பொருந்தாது. அது தன்னுட் புகுந்த ஒளியைத் தன் பட்டைகளால் மடக்கி மடக்கி மேலே வீசுதலால், அடியிலுள்ள பொருளின் நிறத்தை மறைத்துத் தன் மினுக்கத்தையே காட்டும். மேற்புறம் குவிந்து மெருகேறிய கல்லோ அடியிலுள்ளதை அப்படியே காட்டும். நகைவினைஞன் தகட்டை மாற்றக் கல் நிறம் மாறுதலைக் கண்டறிந்த மக்கட்கு, ஆசிரியர் கூற்று விளக்கம் வேண்டாதே விளங்கியிருக்கும்.

சூரியகாந்த உவமை இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றது. சூரியகாந்தக்கல் தன்னைச் சூழ்ந்த பஞ்சைத் தானே சுடமாட்டாது, ஞாயிற்றின் சந்நிதியிற் சுடும். அதுபோல ஆசாரியன் தோன்றிய முன்னிலையில் மலங்கள் அறும் என்று திருமூலர் முதல் தந்திரத்தில் உபதேசப் பகுதியில் அருளினார். இக்கல்லைக் கவிமரபிற் கூறும் கற்பனைக்கல் எனக் கருதுவாரும் உளர். ஆயினும், முதுகு குவிய இழைத்து மெருகேற்றிய படிகம் ஞாயிற்றின் கதிர்களை ஒரு புள்ளியிற் குவித்துப் பஞ்சை எரித்தல் எவரும் செய்து காணத்தக்கது. மண்ணினின்று எடுத்தவாறே அறுகோணத் தூணாக உள்ள படிகம் அதனைச் செய்யமாட்டாது. பல பட்டை தீட்டியதோ கதிர்களைப் பல திசையிற் சிதறிவிடும். ஆகவே திருமூலர் கூறிய கல், சாணையேறிக் குவிந்த கல்லே எனக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து.

இதனாற் பெறப்படும் சித்தாந்தம் யாது? சாணை கல்லிற்குத் தகுதியைத் தந்தது; வெம்மையைத் தரவில்லை. வெம்மை ஞாயிற்றினது. எத்துணை மெருகேறிய கல்லாயினும் ஞாயிறின்றி ஓர் இழைப் பஞ்சையும் எரியாது. சரியை, கிரியை, யோகங்களால் உயிர் பக்குவமுறுதல் சாணையேறுதல் போல்வது. மலம் நீங்குதல் திருவருளாலேயே நிகழ்வது. மலம் நீங்கிய பின்னும் உயிர் தானே விளங்குவதன்று. அருளொளியிற் கலந்து அதன் வண்ணமாய் விளங்குவது. மலம் நீங்கியவழி உயிர் சிவத்தோடு ஒப்பத் தானே விளங்கும் என்பது சிவசமவாதிகள் கொள்கை. பட்டை தீட்டிய வயிரத்தை உவமையாகக் கொள்வார் தம்மை அறியாமலே அக்கொள்கையிற் சென்று விழுகின்றனர். உண்மையில் அவ்வயிரமும் இருளறையில் ஒளிவிடுவதன்று. கடன்பெற்ற ஒளியையே தன்னொளிபோலக் காட்டுகின்றது.

ஆயினும் உவமை எல்லாவற்றானும் ஒவ்வாது. சாணையில் தேய்ந்து கழிவது கல்லின் கூறே. உயிரினின்று நீங்கும் ஆணவமோ உயிரின் கூறன்று, செம்பிற் களிம்புபோல அநாதியே பற்றி நிற்பது. கல் அறிவற்றது, உயிர் அறிவுடையது. இவ்வேறுபாடுகளை உளங்கொண்டு உவமையைக் கருதிய அளவிற்கே கொள்ளல் வேண்டும்.

மதுரையில் இறைவன் மாணிக்க வணிகனாய் எழுந்தருளி, பாண்டிய இளவரசன் முடிக்கு வேண்டிய மணிகளைத் தானே கொணர்ந்து அளித்தான் என்பது திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்துச் செய்தி. மணியைத் தந்தவனும் அவன். மணியின் குணங் குற்றங்களை அறிவித்தவனும் அவன். மணியை விளங்கச் செய்யும் ஞாயிறுபோல்வானும் அவனே. இதனை உணர்ந்து படிக உவமையை ஓதுவார்க்கு, உயிர் என்றும் அவன் அருளைச் சார்ந்தே விளங்கும் என்னும் சித்தாந்த உண்மை ஐயமின்றி விளங்கும்.