மலேனியா (எல்டன் ரிங்)

மலேனியா, 'எல்டன் ரிங்' என்னும் வீடியோ கேமில் வரும் பாஸ். முதல் கட்டத்தில் 'பிளேட் ஆஃப் மிக்கெல்லா' என்றும், இரண்டாம் கட்டத்தில் 'காடஸ் ஆஃப் ராட்' என்றும் திரையில் பெயர் வரும். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இந்த கேம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி; கதையுலகின் பழங்கால வரலாற்றை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். கதையை முடிக்க மலேனியாவை வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் முதல் ஆண்டு நிறைவில் பந்தாய் நாம்கோ வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டக்காரர்கள் மிக அதிகமாக மோதிப் பார்த்த பாஸ் இவள்தான்: 32.9 கோடி முறை. இரண்டாம் இடத்தில் வந்த மார்கிட்டுக்கு 28.1 கோடி. மார்கிட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லோர் வழியிலும் நிற்பவன். மலேனியாவோ வரைபடத்தின் ஒரு மூலையில், தேடிப் போனால் மட்டுமே கிடைப்பவள். அவளைச் சந்தித்தவர்கள் குறைவாகத்தான் இருக்க முடியும். அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை முறை செத்துத் திரும்ப வந்திருப்பார்கள் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

பின்னணியும் இடமும்

கதையுலகை ஆண்ட ராணி மாரிகா, அவள் கணவன் ராடகன் ஆகியோரின் இரட்டைப் பிள்ளைகள் மிக்கெல்லாவும் மலேனியாவும். இருவருமே பிறவியிலேயே சாபம் பெற்றவர்கள். மிக்கெல்லா வளராமல் சிறுவனாகவே நின்றுவிட்டான். மலேனியாவின் உடலை ஸ்கார்லெட் ராட் என்ற செந்நோய் உள்ளிருந்து தின்கிறது. வலக்கை பொன்னிறச் செயற்கைக் கை. கேலிட் மண்ணில் ராடான் என்ற தளபதியோடு மோதியபோது அவள் அந்த நோயை மலராக விரித்துவிட, நாடே அழுகிப் போனது. போர் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. நினைவிழந்து கிடந்தவளைத் தோளில் சுமந்து ஊர் சேர்த்தவள் ஃபின்லே என்ற வீராங்கனை.

மலேனியா இருக்கும் ஹாலிக்ட்ரீ என்ற பெருமரத்துக்குப் போகும் வழி நீளமானது. ஹாலிக்ட்ரீ ரகசியப் பதக்கத்தின் இரண்டு பாதிகள் வேண்டும். ஒன்று அல்பினாரிக் கிராமத்தில் பானை உருவில் ஒளிந்திருக்கும் ஆல்பஸிடம் கிடைக்கும். மற்றது காசில் சோலில், தளபதி நையலை வென்ற பிறகு. ரோல்ட் லிஃப்ட்டில் அந்தப் பதக்கத்தை உயர்த்தினால் பனிவெளிக்குப் போகலாம். அங்கே ஆர்டினா நகரின் புதிரை அவிழ்த்து, மரக்கிளைகளின் மேல் நடந்து, லொரெட்டாவை வென்று, எல்ஃபேல் கோட்டையின் அடிவரை இறங்க வேண்டும். செத்தால் மீண்டும் எழும் 'கிரேஸ்' இடங்களில் கடைசியானதன் பெயர் 'ஹாலிக்ட்ரீ ரூட்ஸ்'. சண்டைக் களம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், தோற்றால் மீண்டும் ஓடிவரும் அலைச்சல் இல்லை. வடிவமைப்பாளர்கள் காட்டிய ஒரே கருணை அதுதான்.

தொட்டால் ஆறும் காயம்

முதல் கட்டத்தில் மலேனியாவின் ஹெல்த் 18,473. ஆட்டத்தின் அந்தப் பகுதியில் இது பயமுறுத்தும் எண் அல்ல. கடினத்துக்குக் காரணம் வேறு: அவள் வாள் எதிராளியின் மேல் பட்டால் ஒவ்வொரு முறையும் அவள் ஹெல்த் ஏறும். கேடயத்தில் பட்டாலும் ஏறும். கூட வந்த துணையின் மேல் பட்டாலும் ஏறும். மற்ற பாஸ்களிடம் கைகொடுத்த இரண்டு பழக்கங்களை, அதாவது கேடயத்துக்குப் பின்னால் பதுங்குவதையும் துணைப்படையை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்பதையும், இந்த ஒரே விதி கவிழ்த்துவிடுகிறது. ஆகவே இவளுக்கு எதிரான எந்த உத்தியையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: இதனால் அவள் வாள் எத்தனை முறை யார்மேலாவது படும்? எவ்வளவு அடி கொடுக்கிறோம் என்பது அதற்கு அடுத்த கணக்கு.

அவளுக்கும் பலவீனங்கள் உண்டு. பெரிய பாஸாக இருந்தும் நிலைகுலையாத் தன்மை அவளிடம் குறைவு. கனத்த வாளையோ சுத்தியலையோ ஏந்திக் குதித்து அடித்தால் தடுமாறுவாள். சாதாரண வீச்சின் நடுவில்கூட அவளை இப்படி நிறுத்த முடியும். ரத்தப்போக்கு, உறைபனி இரண்டுமே அவளைப் பாதிக்கும். உறைபனி பிடித்தால் ஹெல்த்தில் ஒரு பங்கு உடனே போவதோடு, அடுத்த 30 வினாடிகளுக்கு அவள் வாங்கும் அடி 20 சதவீதம் கூடும். புனித வகைத் தாக்குதல் மட்டும் அவளிடம் அதிகம் எடுபடாது. நம்பிக்கைப் பண்பில் புள்ளிகளைக் கொட்டிப் பொன்னொளி வீசும் ஆயுதங்களோடு வருபவர்கள் இங்கே ஆயுதத்தை மாற்றிக்கொள்வது நல்லது. பேரி செய்து வாளைத் தட்டிவிடவும் முடியும். ஆனால் பதிலடி கொடுக்கும் வாய்ப்புக்கு மூன்று பேரி தேவைப்படும். கை தேர்ந்தவர்களுக்கு மட்டுமே ஏற்ற வழி.

எந்த ஆயுதமானாலும் கடைசி நிலைவரை மேம்படுத்தியிருக்க வேண்டும்: சாதாரண வகையில் +25, சிறப்பு வகையில் +10. ஹெல்த்தைக் கூட்டும் பண்பான விகர் 40 என்றால் ஆட்டக்காரரின் ஹெல்த் 1,450; 60 என்றால் 1,900. அந்த 450 புள்ளிதான் பலருக்குச் சாவுக்கும் தப்புவதற்கும் இடையிலான தூரம். தாக்கும் பண்புகளில் கொஞ்சம் குறைத்தாவது விகரை 60க்கு அருகே கொண்டுபோவது இந்தச் சண்டைக்குச் சரியான முதலீடு.

பொறுமை இல்லாதவர்களை அவள் தேடித் தண்டிப்பாள். நடுவெளியில் மருந்துக் குடுவையைத் திறந்தால் பாய்ந்து வருவாள். தூரத்திலிருந்து எய்யும் மந்திரத்தையும் அம்பையும் பக்கவாட்டில் நகர்ந்து தவிர்ப்பாள். அவளுடைய நீண்ட வீச்சு ஒன்று முடிந்த கையோடு குடிப்பதும், அதே இடைவெளியில் மந்திரம் போடுவதும்தான் பாதுகாப்பு. ஒரு வாய்ப்பில் ஓரிரு அடி போதும். மூன்றாவது அடிக்கு ஆசைப்படும்போதுதான் பெரும்பாலானோர் மாட்டுகிறார்கள்.

வாட்டர்ஃபௌல் டான்ஸ்

மலேனியாவின் பெயர் பரவக் காரணமான வீச்சு இது. சட்டென்று அந்தரத்தில் எழும்புவாள். ஒரு காலை மடக்கி, வாளைத் தூக்கி, கண்ணிமைக்கும் நேரம் மிதந்து நிற்பாள். அடுத்து நூல் நூலாகத் தெரியும் வெட்டுகளின் சுழலாகப் பாய்வாள். முதல் சுழல்தான் நீளமானது. மூச்சு விடுவதற்குள் அடுத்ததும், அதற்கடுத்ததும் வரும். முதல் சுழலுக்குள் முழுதாகச் சிக்கினால் நிறைந்த ஹெல்த்தும் தாங்காது. பட்ட வெட்டுகள் எல்லாம் அவளுக்கு மருந்தாகிவிடுவதால், ஐந்து நிமிட உழைப்பு ஒரே வீச்சில் அழியும்.

ஒரு தகவல் தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்: முதல் கட்டத்தில், ஹெல்த் ஏறக்குறைய முக்கால் அளவுக்குக் கீழே இறங்கும்வரை இதை அவள் பயன்படுத்துவதில்லை. அதுவரை ஒட்டி நின்று அடிக்கலாம். அதன்பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, அவள் பக்கம் வரும்போது மட்டும் அடித்து விலக வேண்டும்.

தப்பிக்கும் வழிகளில் மிக நம்பகமானது ஓட்டம். அவள் எழும்பியவுடன் லாக்கை விடுவித்து, எதிர்த்திசையில் முழு வேகத்தில் ஓடினால் முதல் சுழல் எட்டாது. அடுத்த பாய்ச்சலுக்கு ஓடக் கூடாது. அவளை நோக்கியே ரோல் அடித்து அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட வேண்டும். அதற்கடுத்ததற்கும் அப்படியே. பின்னால் உருள்பவனை வாளின் நுனி எட்டிப் பிடிக்கும். முன்னால் உருள்பவனைத் தாண்டி அவளே போய்விடுவாள். கைக்கு இது புரியச் சில மாலைகள் ஆகும்.

பக்கத்தில் நிற்கும்போது அவள் எழும்பினால் ஓட நேரமிருக்காது. அந்த நிலைமைக்கு ஃப்ரீசிங் பாட் என்ற உறைபனிப் பானை உண்டு. மிதந்து நிற்கும் அந்தக் கணத்தில் எறிந்து உறைபனி பிடித்துவிட்டால், வீச்சு தொடங்காமலே கீழே விழுவாள். ஒவ்வொரு முறை பிடித்த பிறகும் அவளுடைய எதிர்ப்பு கூடும் என்பதால், இதை எல்லா முறையும் நம்ப முடியாது. கேடயம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சமரசம் இருக்கிறது: முதல் சுழலைத் தடுத்து வாங்கிக்கொண்டு மற்றதை ரோலில் தவிர்ப்பது. அவளுக்குக் கொஞ்சம் ஹெல்த் ஏறும்; ஆனால் உயிர் தப்பும். அவளைச் சுற்றி வட்டமடித்து ஓடித் தவிர்க்கும் முறையும் ஒன்று உண்டு. பார்க்க அழகானது, புதியவர்களுக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல.

இரண்டாம் கட்டம்

ஹெல்த் பட்டை காலியானதும் காட்சி மாறும். மலரிலிருந்து சிறகுகளோடு எழுவாள். ஹெல்த் 14,778, அதாவது முதல் கட்டத்தின் 80 சதவீதம். தொடக்கமே வானிலிருந்து விழும் பாய்ச்சல். விழுந்த இடத்தில் ஸ்கார்லெட் ஏயோனியா என்ற பெரிய செம்மலர் விரிந்து வெடிக்கும். வெட்டுக்காட்சி முடிந்த உடனே ஓடத் தொடங்கினால் அடிபடாமல் தப்பலாம். வெடித்த பிறகு அவள் பூவின் நடுவில் சில வினாடிகள் அசையாமல் இருப்பாள். முழுச் சண்டையிலும் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு இல்லை. தூரத்திலிருந்து தாக்குபவர்களுக்கு இது விருந்து. வாளோடு உள்ளே நுழைபவர்களுக்கு ஸ்கார்லெட் ராட் ஏறும் என்பதால், அதைத் தீர்க்கும் பிரிசர்விங் போலஸ் மாத்திரைகளைக் கையருகே வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அவளுடைய நிழலுருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும் புதிய வீச்சு ஒன்றும் சேரும். ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் படாது. வாட்டர்ஃபௌல் டான்ஸ் இனி எந்த நேரமும் வரலாம்.

துணையோடு போவது

ஆவிகளாக அழைக்கும் ஸ்பிரிட் ஆஷ் துணைகளில் எண்ணிக்கையை நம்பக் கூடாது. மூன்று ஓநாய்களை இறக்கினால் அவளுக்கு மூன்று மருந்துப் புட்டிகளைக் கொடுத்ததாகிவிடும். பிளாக் நைஃப் டிஷே இங்கே எடுபடுவது அவளுடைய தாக்கும் வலுவால் மட்டுமல்ல. அடிபடாமல் விலகிக்கொண்டே இருப்பதால். ஆட்டக்காரரின் நகலாக வரும் மிமிக் டியரும் பிரபலம். 2022 மார்ச்சில் வந்த 1.03 பேட்ச் அதன் வலுவைக் குறைத்த பிறகும் பலர் அதைக் கைவிடவில்லை. குரூரமான நகைச்சுவை வேண்டுபவர்கள், தன் தலைவியைச் சுமந்து வந்த அதே ஃபின்லேயை ஆஷாக அழைத்து அவளுக்கு எதிராகவே நிறுத்தலாம். ஆட்டம் அதைத் தடுப்பதில்லை.

இணையம் வழியாக மற்ற ஆட்டக்காரர்களை அழைத்தால் பாஸின் ஹெல்த் பெருகும். வாளுக்கு எட்டும் உடல்களும் பெருகும். வெளியான சில வாரங்களில் புகழ்பெற்ற 'லெட் மீ சோலோ ஹெர்' இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர். தலையில் ஒரு ஜாடி, இடுப்பில் ஒரு துணி, கையில் இரண்டு கட்டானா, கவசம் கிடையாது. அழைத்தவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சண்டையிடுவார். மே மாதத்துக்குள் ஆயிரம் முறை வென்றார்; ஜூலையில் பந்தாய் நாம்கோ அவருக்கு உண்மையான வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. அவர் காட்டியது வெறும் வித்தை அல்ல. களத்தில் ஒரே ஒரு உடல், அதுவும் அடிபடாத உடல் என்பதுதான் இந்தச் சண்டையின் சரியான தீர்வு.

வென்ற பிறகு

4,80,000 ரூன், மலேனியாவின் கிரேட் ரூன், ஒரு ரிமெம்பரன்ஸ் ஆகியவை கிடைக்கும். ரிமெம்பரன்ஸை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் எனியாவிடம் கொடுத்து 'ஹேண்ட் ஆஃப் மலேனியா' கட்டானாவையோ ஸ்கார்லெட் ஏயோனியா மந்திரத்தையோ பெறலாம். அந்தக் கட்டானாவின் சிறப்புத் திறன் வாட்டர்ஃபௌல் டான்ஸ்தான். ஆட்டக்காரர் கையில் ஹெல்த் ஏற்றும் குணம் மட்டும் அதற்கு இல்லை. மில்லிசென்ட் என்ற பாத்திரத்தின் கிளைக்கதையை முடித்து அவளுடைய பொன் ஊசியை வைத்திருப்பவர்கள் களத்தை விட்டு உடனே கிளம்ப வேண்டாம். அங்கே நிற்கும் செம்மலரில் அந்த ஊசியை வைத்தால் மிக்கெல்லாவின் ஊசி கிடைக்கும். ஃப்ரென்சிட் ஃப்ளேம் என்ற பித்துத் தீயை ஏற்றுக்கொண்டு, அது கொண்டுசெல்லும் கதைமுடிவிலிருந்து விலக நினைப்பவர்களுக்கு ஆட்டத்தில் இருக்கும் ஒரே வழி அந்த ஊசிதான்.